பழி செல்போன் மீது! தப்புவது யார்?

"பையன் கெட்டுப் போனான். யார் காரணம்? செல்போன் விளையாட்டு!"

டீக்கடையில் இதுதான் பேச்சு. பஸ் ஸ்டாப்பில் இதுதான் பேச்சு. போலீஸ் நிலைய வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் தாயும் இதையேதான் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அடிதடியா? செல்போன் விளையாட்டு. வீட்டை விட்டு ஓடினானா? செல்போன் விளையாட்டு. அப்பா சட்டைப் பையில் கை வைத்தானா? அதற்கும் செல்போன் விளையாட்டு.

விசாரணை முடிந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்!

அவ்வளவு சுலபமா? இல்லை என்பதுதான் என் கட்சி. செல்போனைக் கூண்டில் ஏற்றிவிட்டால், உண்மையான குற்றவாளிகள் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார்கள்.

அது என்ன விளையாட்டு?

திட்டுகிறோம். ஆனால் அது என்னவென்று பெரியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பப்ஜி. தென் கொரியாவில் பிறந்தது. 2017-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2018-ல் செல்போனுக்கு வந்தது. 100 பேர் விமானத்தில் இருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். நிற்கிற இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். இதே ரகத்தில் இன்னொன்று, ப்ரீ பயர்.

ஒரு ஆட்டம் சுமார் அரை மணி நேரம் ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நாலு பேர் கோஷ்டியாக ஆடினால், ஒருவன் எழுந்து போனால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

"டேய், சாப்பிட வாடா!" என்று அம்மா கூப்பிடுகிறார். "இதோ வர்றேம்மா" என்கிறான். வரமாட்டான். அம்மா போனைப் பிடுங்குகிறார். பையன் கத்துகிறான், கதவை அறைகிறான்.

"பாத்தியா, துப்பாக்கி விளையாட்டு ஆடி ரவுடி ஆயிட்டான்!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

தெருவில் கிரிக்கெட் ஆடும்போது, கடைசி ஓவரில் மட்டையைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் கத்துவான். அவுட் கொடுத்ததற்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பையன் இல்லாத தெரு தமிழ்நாட்டில் உண்டா?

ஐஸ் தண்ணீர் சோதனை

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டு டெட்ரிஸ். மேலே இருந்து விழும் கட்டைகளை அடுக்குவோமே, அதுதான். துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது.

கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டார்கள். முதலில் ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொன்னார்கள். பிறகு பாதிப் பேருக்கு சாதாரண டெட்ரிஸ். மீதிப் பேருக்கு, எப்படி ஆடினாலும் தோற்கும்படி கஷ்டமாக்கிய டெட்ரிஸ்.

ஆடி முடித்ததும் ஒரு கேள்வி. "அடுத்து வருகிறவர் ஐஸ் தண்ணீரில் எத்தனை நேரம் கையை வைக்க வேண்டும்?"

கஷ்டமான ஆட்டம் ஆடி வெறுத்துப் போனவர்கள், மற்றவர்களை விட சராசரியாக 10 வினாடி அதிகம் கொடுத்தார்கள்! கட்டை அடுக்கும் விளையாட்டிலேயே அந்தக் கோபம்.

கோபத்தைக் கிளப்பத் துப்பாக்கி தேவையில்லை. தோல்வியே போதும் என்பதுதான் அந்தச் சோதனை சொன்ன பாடம்.

இரண்டு பக்கமும் கேட்போம்

கோர்ட்டு என்றால் இரண்டு கட்சியும் கேட்க வேண்டும்.

2018-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் 24 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வன்முறை விளையாட்டு ஆடுகிறவர்களிடம், நாள்போக்கில் அடிதடிக் குணம் கொஞ்சம் கூடுகிறது என்றார்கள். கொஞ்சம்தான். ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

2019-ல் ஆக்ஸ்போர்டில் இருந்து இன்னொரு ஆய்வு. 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகள். "என்ன ஆடினாய்?" என்று பிள்ளையிடம் கேட்டார்கள். "அவன் நடத்தை எப்படி?" என்று பெற்றோரிடம் கேட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டுக்கும் சம்பந்தம் தெரியவில்லை.

அமெரிக்காவின் உளவியல் சங்கம் 2020-ல் இதையெல்லாம் எடை போட்டு ஒரு தீர்மானம் போட்டது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் வன்முறை விளையாட்டுக்கும் சிறிய தொடர்பு உண்டு. ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற கொடும் குற்றத்துக்கு அதுதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இதுதான் அந்தத் தீர்மானத்தின் சாரம்.

கத்துவது வேறு. கத்தி எடுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் நாம் செய்யும் தப்பு.

கத்தி எங்கிருந்து வந்தது?

2023 ஆகஸ்டு. நெல்லை மாவட்டம் நாங்குநேரி. பட்டியல் சாதியைச் சேர்ந்த 12-ம் வகுப்பு மாணவனை, ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள்!

எந்த செல்போன் விளையாட்டு அந்த அரிவாளை எடுத்துக் கொடுத்தது? கொடுத்தது சாதி. அது பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அரசாங்கமே ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் கமிட்டி போட்டது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு மாணவன் கையில் இருக்கக் கூடாது என்பது அதில் ஒரு சிபாரிசு.

நம்ம சென்னைக்கு வாருங்கள். ரூட் தல சண்டை. பஸ் டே கலாட்டா. பட்டாக்கத்தியோடு மாணவர்கள் பஸ்சை மறித்தது. பப்ஜி பிறப்பதற்கு முன்பே இந்த ஊர் இதையெல்லாம் பார்த்துவிட்டது.

லக்னோ சம்பவத்தைப் பார்ப்போம். 2022 ஜூனில், பெற்ற தாயையே சுட்டுக் கொன்றதாக 16 வயதுப் பையன் பிடிபட்டான். விளையாடக் கூடாது என்று தாய் தடுத்ததுதான் காரணம் என்று போலீசார் சொன்னார்கள். நாடே பப்ஜியைத் திட்டியது.

சுட்டது செல்போன் துப்பாக்கியா? இல்லை. அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கி. நிஜத் தோட்டா. அது எப்படி அந்தப் பையன் கைக்கு எட்டியது? இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள்?

2017-ல் நீலத்திமிங்கலம் என்று ஒரு விளையாட்டின் பெயரைச் சொல்லி ஊரே நடுங்கியது. பல பிள்ளைகளின் சாவுக்கு அதுதான் காரணம் என்றார்கள். ஐகோர்ட்டு மதுரை கிளை தானாகவே வழக்கை எடுத்தது. 2018 ஜனவரியில் மத்திய மந்திரி பாராளுமன்றத்தில் பதில் சொன்னார். விசாரித்த எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டின் பங்கு நிரூபணம் ஆகவில்லை என்பதே பதில்.

அப்படியானால் அந்தப் பிள்ளைகள் ஏன் செத்தார்கள்? திமிங்கலத்தைத் தேடிய நேரத்தில் அந்தக் கேள்வி அடிபட்டுப் போய்விட்டது. எனக்குப் பயம் இதுதான்.

சட்டம் சொல்லும் விசாரணை

18 வயதுக்குக் கீழே உள்ளவன் குற்ற வழக்கில் பிடிபட்டால் என்ன செய்ய வேண்டும்? 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நன்னடத்தை அலுவலர் அந்தப் பையனின் வீடு, பள்ளிக்கூடம், சகவாசம் எல்லாவற்றையும் விசாரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு 15 நாள் கெடு.

வீட்டில் தினமும் அடி விழுகிறதா? அப்பா குடிக்கிறாரா? பள்ளியை விட்டு எப்போது நின்றான்? கஞ்சா கொடுத்தவன் யார்? கத்தியைக் கொடுத்து "நீ சின்னப் பையன், உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பிய அண்ணன் யார்?

இத்தனைக்கும் பதில் தேட வேண்டிய இடத்தில் "செல்போன் விளையாட்டுக்கு அடிமை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால்? அப்பா தப்பினார். கஞ்சா விற்றவன் தப்பினான். கத்தி கொடுத்த அண்ணன் அடுத்த பையனைத் தேடிப் போய்விட்டான்.

தடை போட்டோமே, என்ன ஆச்சு?

2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் கமிஷனர் பப்ஜிக்குத் தடை போட்டார். விளையாடியதற்காக சுமார் 10 இளைஞர்களைக் கைதும் செய்தார்கள்!

2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசே தடை போட்டது. பிள்ளைகளைக் காப்பாற்றவா? இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து, ஜனங்களின் தகவல் வெளியே போகிறது என்று சொல்லி, 118 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்தார்கள்.

2021 ஜூலையில் அதே விளையாட்டு பெயரை மாற்றிக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி முடக்கினார்கள். 2023 மே மாதம் மறுபடி வந்தது. ப்ரீ பயருக்கு 2022 பிப்ரவரியில் தடை. அதன் அண்ணன் ப்ரீ பயர் மேக்ஸ் மட்டும் கடையில் அப்படியே இருந்தது.

தென் கொரியாவில் 2011-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ராத்திரி 12 மணி முதல் காலை 6 மணி வரை கம்ப்யூட்டரில் ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது. பையன்கள் என்ன செய்தார்கள்? அப்பாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். செல்போனுக்கு மாறினார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு, சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

பூட்டு மட்டும் போதாது என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. நாம் பார்க்கும் இடத்தில் இல்லை.

முதல் ஆபத்து, காசு.

2020 ஜூலையில் பஞ்சாபில் இருந்து ஒரு செய்தி. 17 வயதுப் பையன் பப்ஜியில் செலவழித்த தொகை 16 லட்சம் ரூபாய்! அப்பா மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம். வேஷம் மாற்ற, துப்பாக்கிக்குப் பெயிண்ட் அடிக்க என்று போயிருக்கிறது. அந்த அப்பா பையனை ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலைக்கு விட்டார். பணம் சம்பாதிப்பது எத்தனை கஷ்டம் என்று தெரியட்டும் என்றார்.

இலவச விளையாட்டு என்கிறார்கள். உள்ளே போனால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கடை. என்ன பொருள் வரும் என்று தெரியாமலே காசு கட்டித் திறக்கும் பெட்டியும் உண்டு. திருவிழாவில் ரங்கராட்டினம் பக்கத்தில் ஒருவன் சீட்டுக் குலுக்குவானே, அதே வித்தை. பெல்ஜியம் நாடு 2018-ல் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. போர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, பிள்ளைகளின் தகவலை எடுத்ததற்கும், தெரியாமல் காசு கட்ட வைத்ததற்கும் சேர்த்து 52 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டது.

நம்ம ஊரில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. நல்லது. ஆனால் அவை பணம் வைத்துப் பணம் ஜெயிக்கும் ஆட்டத்துக்கு. 12 வயதுப் பையன் துப்பாக்கிக்குப் பெயிண்ட் வாங்குவதை யார் கேட்பது?

இரண்டாவது ஆபத்து, ராத்திரி.

2 மணி வரை போர்வைக்குள் விளையாடியவன் காலையில் எப்படி இருப்பான்? கண் எரியும். வாத்தியார் கேட்டால் எரிந்து விழுவான். இதற்குப் பெயர் வன்முறை இல்லை, தூக்கமின்மை. சினிமா பார்த்து விழித்திருந்தாலும் இதே கதைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. சாப்பாடு, படிப்பு, சொந்த பந்தம் எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் வந்தும் விட முடியாமல், வழக்கமாக ஒரு வருடமாவது தொடர்ந்தால் அது நோய். அதில் துப்பாக்கி என்ற வார்த்தையே இல்லை. லூடோ ஆடினாலும் நோய் நோய்தான். தாம்பரத்தில் ரெயில் ஏறி, பீச் ஸ்டேஷன் வரை தலை நிமிராமல் மிட்டாய் உடைக்கும் பெரியவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

மூன்றாவது, வயது. ஜிடிஏ என்ற விளையாட்டு 18 வயதுக்கு மேல் என்றுதான் ஐரோப்பாவில் முத்திரை குத்தி விற்கிறார்கள். அதை 8 வயதுப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு "ஆராய்ச்சி ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுது" என்று என்னை இழுக்காதீர்கள். ஏ சர்ட்டிபிகேட் படத்துக்குக் கைக்குழந்தையோடு போகிறோமா?

போனைக் கொடுத்தது யார்?

இன்னொரு உண்மையும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியது. 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல்! "இதுலதான் பாடம்" என்று சொல்லி போனைப் பிள்ளை கையில் கொடுத்ததே நாம்தான். பள்ளி திறந்தது. போனைத் திரும்ப வாங்க மறந்துவிட்டோம்.

வாங்கினாலும் பையன் எங்கே போய் விளையாடுவான்? தெருவில் கார் நிற்கிறது. வீட்டுக்கு வெளியே பந்து போனால் திட்டு விழுகிறது.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாருக்கு விடுவது. ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம். எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் வாங்கியது சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். மைதானத்துக்கு மணிக்கு 120 ரூபாய். செல்போன் விளையாட்டு இலவசம். கூலிக்காரர் வீட்டுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

செய்ய வேண்டியது என்ன?

போலீசாருக்கு ஒரு வேண்டுகோள். பிடிபட்ட பையன் "கேம் ஆடினேன்" என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு பேனாவை மூடாதீர்கள். கத்தி யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

அரசாங்கத்துக்கு: 18 வயதுக்குக் கீழே உள்ளவர் கணக்கில், குலுக்கல் பெட்டி விற்பதை நிறுத்தச் சட்டம் போடுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிடித்த காசைத் திருப்பித் தரச் செய்யுங்கள்.

மாநகராட்சிக்கு: மைதானத்தைச் சாயங்காலம் திறந்து வையுங்கள். விளக்குப் போடுங்கள். கட்டணம் வேண்டாம்.

பெற்றோருக்கு: யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். ராத்திரி 10 மணிக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். உங்கள் போனும்தான்! ஆட்டம் நடுவில் பிடுங்காதீர்கள். "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வை" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்கும் சொல்லிக் குடுடா" என்று கேளுங்கள். யாரோடு ஆடுகிறான், என்ன பேசுகிறான் என்பது அப்போதுதான் தெரியும்.

கையை மீறிப் போய்விட்டது என்று தோன்றினால் வெட்கப்படாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416. பிள்ளைகள் பாதுகாப்புக்கு 1098. இரண்டும் இலவசம்.

செல்போனை உடைத்துப் போட்ட அப்பாக்களை எனக்குத் தெரியும். மறுநாள் பையன் சிநேகிதன் போனில் ஆடுவான். போனை உடைக்க ஒரு நிமிஷம் போதும். "ஏண்டா இப்படி இருக்கே, என்ன ஆச்சு?" என்று கேட்டு, அவன் வாயைத் திறக்கும் வரை காத்திருக்கத்தான் நேரம் வேண்டும்.

அந்த நேரத்தைக் கொடுங்கள். அவன் என் செய்தியில் வருவதற்கு முன்பே கொடுங்கள்.